கல்லூரியில் சமவாய்ப்பு: கருத்தரங்கை விட்டுவிட்டு அலுவலக மேசையில் தொடங்குங்கள்

அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடக்கிறது என்றும், சமவாய்ப்பு மையத்தின் பொறுப்பை முதல்வர் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லா மாணவர்களுக்கும் கல்லூரி வாழ்க்கை நியாயமாக அமைய என்ன செய்யலாம், விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தினால் பலன் இருக்குமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "சிலருக்குத் தனியாக ஏதாவது செய்தால் மற்ற மாணவர்கள் எங்களுக்கு ஏன் இல்லை என்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை" என்று சேர்த்திருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். கையில் பணமும் இல்லை, பெரிய அதிகாரமும் இல்லை. யாருக்கும் அநீதி செய்யாமல் எங்கிருந்து தொடங்குவது என்பதே நீங்கள் கேட்பது.

என் பட்டறிவின் எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டா மாவட்டங்களின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேதியியல் கற்பித்தேன். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் கல்வி உதவித்தொகை வேலையையும் சேர்த்துக் கவனித்தேன். மருத்துவக் கல்லூரி விடுதிகளையும் தனியார் பொறியியல் கல்லூரிகளையும் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. ஆகவே நான் சொல்வது, ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து மாலையில் வீடு திரும்பும் மாணவர்கள் நிறைந்த கல்லூரிக்கே அதிகம் பொருந்தும். உங்கள் கல்லூரியும் அப்படிப்பட்டதுதான் என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது.

கல்லூரிக்குள் நுழையும் வாயிலுக்காகத் தமிழ்நாடு நீண்ட காலம் போராடியிருக்கிறது. பெருமளவு வென்றும் இருக்கிறது. 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1993இல் வந்து, நீதிமன்றத்தில் எளிதில் எதிர்க்க முடியாதபடி 1994இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. தொழிற்கல்வியில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021–22 அறிக்கையில், உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் (18 முதல் 23 வயதுள்ளோர் நூறு பேருக்கு உயர்கல்வியில் இருப்பவர் எண்ணிக்கை) தமிழ்நாட்டில் 47, நாடு முழுவதற்கும் 28.4. இவையெல்லாம் உறுதியான செய்திகள். ஆனால் இந்த வெற்றி சேர்க்கைப் பட்டியலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வந்தவரில் யார் முதல் பருவத்திலேயே காணாமல் போகிறார், யார் ஆறு பருவமும் வந்துவிட்டு அரியரோடு வெளியேறுகிறார் என்று தனியாகக் கணக்கு வைக்கும் கல்லூரி மிகவும் குறைவு.

இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது இதுதான்: கல்லூரிக்குள் நடக்கும் அநீதியில் பெரும்பகுதிக்குத் தனியாகத் தீய எண்ணம் கொண்ட ஒருவர் தேவைப்படுவதில்லை. அன்றாட நடைமுறையே அதைச் செய்துவிடுகிறது. ஒவ்வொரு நடைமுறையும் ஒரு குறிப்பிட்ட மாணவரை மனத்தில் வைத்து அமைந்திருக்கிறது. அவர் கையில் கட்டணத் தேதியன்று பணம் இருக்கும். அவர் 9.30 மணிக்குள் வந்து சேர்ந்துவிடுவார். ஆங்கிலத்தில் சொன்னால் புரிந்துகொள்வார். எதுவும் தெரியாவிட்டால் வீட்டில் கேட்டுக்கொள்ள அண்ணனோ அக்காவோ இருப்பார். வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டி, திங்கட்கிழமை கடைசி நாள் என்று போடுவதை எண்ணிப் பாருங்கள். நகரத்தில் வீடு உள்ளவருக்கு அது ஒரு தகவல். வருமானச் சான்றிதழுக்காகத் தந்தையின் ஒரு நாள் கூலியை இழந்து இ-சேவை மையத்தில் நிற்க வேண்டியவருக்கு அது மறுப்பு. ஒட்டிய ஊழியர் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆகவே கருத்தரங்கு வைத்து ஊழியர்களின் மனத்தை மாற்றுவதைவிட, அந்தத் தேதியை மாற்றுவது எளிது. பலனும் உடனே கிடைக்கும்.

உதவித்தொகை மேசையில்தான் நீங்கள் முதலில் உட்கார வேண்டும் என்பேன். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு உரியது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு, புதிய நடைமுறையில் மத்திய அரசின் பங்கு நேரடியாக மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதன் நோக்கம் நல்லது. ஆனால் பள்ளியில் எட்டாம் வகுப்பில் தொடங்கிய கணக்கு செயலிழந்து கிடக்கும். ஆதாரில் ஒரு முன்னெழுத்து, மதிப்பெண் பட்டியலில் வேறு முன்னெழுத்து இருக்கும். ஆதார் இணைப்பு வேறொரு வங்கிக் கணக்கில் இருப்பது மாணவருக்கே தெரியாது. பணம் வராத செய்தி, தேர்வுக்கு முந்தைய வாரம் ஹால் டிக்கெட் நிறுத்தப்படும்போதுதான் அவருக்குத் தெரிகிறது. இதற்கு மருந்து பெரிய திட்டம் அல்ல. சேர்க்கை முடிந்த இரண்டாம் வாரத்தில், உள்ளூர் வங்கிக் கிளையிலிருந்து ஒருவரையும் ஆதார் மைய ஊழியர் ஒருவரையும் கல்லூரிக்கே ஒரு நாள் வரவழையுங்கள். பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, கணக்கு இணைப்பு ஆகிய நான்கையும் ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் சரிபாருங்கள். உதவித்தொகை வரவேண்டிய நிலுவைக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்துவதில்லை என்று முதல்வரிடம் எழுத்தில் ஓர் ஆணை வாங்குங்கள். நான் பார்த்தவரை, படிப்பைப் பாதியில் விடாமல் தடுத்ததில் இதற்கு நிகரான வேறு வேலை இல்லை.

அதே மேசையில் இன்னொன்றும் நடக்கிறது. அலுவலகத்திலிருந்து ஒருவர் வகுப்பு நடுவே வந்து, "எஸ்.சி., எஸ்.டி. பசங்க எழுந்து நில்லுங்க" என்று சொல்லிப் படிவம் கொடுத்துவிட்டுப் போவார். வகுப்பில் அறுபது பேர். எழுந்து நிற்பவர் பதினைந்து பேர். எழுந்தவர்களின் கண்கள் எங்கே பார்க்கின்றன என்பதை ஒரு முறை கவனித்தால், அதை மறுபடி அனுமதிக்க உங்களுக்கு மனம் வராது. நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய நிகழ்வுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. உதவித்தொகைச் செய்தியைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகத் தனித்தனியே அனுப்பலாம். எல்லா மாணவருக்கும் எல்லா உதவித்தொகைகளின் பட்டியலையும் ஒரே தாளில் கொடுத்துவிடலாம். இதில் ஆய்வுச் சான்றும் இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமச் சிறுவர்களிடம் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தபோது, சாதி பலர் முன்னிலையில் அறிவிக்கப்பட்டதும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் தேர்ச்சி குறைந்தது. அது பள்ளிச் சிறுவர்களிடம், ஒரு பகுதியில் செய்த சோதனை. நம் கல்லூரி மாணவர்களுக்கு அதே அளவில் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாதியைச் சபையில் சொல்லி எழுப்பும் வழக்கத்தை நிறுத்த, ஆய்வு எதுவும் வேண்டியதில்லை.

அடுத்தது வருகை. 75 சதவீதம் வருகை வேண்டும். அதற்குக் கீழே 65 வரை இருந்தால் கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம் என்பது நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் விதி. யார் அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள் என்று உங்கள் துறையின் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது, சில மாணவர்களின் விடுப்பு நாட்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்காமல் கொத்துக் கொத்தாக இருந்தன. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் அவை குவிந்தன. நாள்காட்டியோடு ஒப்பிட்டால், எல்லாம் முகூர்த்த நாட்களும் அவற்றின் முந்தைய நாட்களும். திருமண மண்டபத்தில் பந்தி பரிமாறும் வேலைக்குப் போய்விட்டு, விடியற்காலையில் வீடு திரும்பிய பிள்ளைகள் அவர்கள். வேறு சிலருக்கு நடவும் அறுவடையும். பணம் இல்லாததால் வேலைக்குப் போனவரிடம், வேலைக்குப் போனதற்காகப் பணம் கேட்கிறோம். இந்த விதியை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆனால் வருகை 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதே, ஐந்தாம் வாரத்தில், எல்லா மாணவர்களுக்கும் கணக்கைத் தெரிவிக்கும் ஏற்பாடு உங்கள் கையில் இருக்கிறது. பருவ இறுதியில் 62 சதவீதம் என்று தெரிந்துகொள்பவரால் எதுவும் செய்ய முடியாது. ஐந்தாம் வாரத்தில் தெரிந்தவர் எந்த முகூர்த்தத்தை விடலாம் என்று தானே முடிவு செய்வார்.

முதல் மணி நேர வகுப்பையும் அதே பதிவேட்டில் பாருங்கள். ஒரே தடத்தில் வரும் ஏழெட்டுப் பேர் நாள்தோறும் முதல் மணி நேரத்தை இழக்கிறார்கள் என்றால், அது சோம்பல் அல்ல, பஸ். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு, ஊர்களின் பெயரும் மாணவர் எண்ணிக்கையும் குறிப்பிட்டுக் கல்லூரி முத்திரையோடு கடிதம் கொடுங்கள். எங்கள் அனுபவத்தில் இரண்டு தடங்களில் நேரம் மாறியது, ஒன்றில் மாறவில்லை. மாறாத தடத்துக்காக முதல் மணி நேரத்தில் செய்முறை வகுப்பு வராதபடி அட்டவணையைத் திருத்தினோம். காலை உணவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் பள்ளிச் சத்துணவு 10ஆம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும் மாணவி பெரும்பாலும் மதியம்வரை எதுவும் சாப்பிடுவதில்லை. இதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. முன்னாள் மாணவர் சங்கத்தின் பணத்தை மேடைக்கும் பொன்னாடைக்கும் செலவிடாமல் சிற்றுண்டிச் சீட்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள் என்பதே நான் தரக்கூடிய யோசனை. அந்தச் சீட்டு கேட்பவர் யாராக இருந்தாலும் காரணம் கேட்காமல் கொடுக்கப்பட வேண்டும்.

மொழியைப் பற்றி நீண்ட விவாதங்கள் உண்டு; நான் வகுப்பறைக்குள்ளேயே நிற்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் வேதியியல் படித்தவருக்குச் சவ்வூடு பரவல் நன்றாகத் தெரியும், நடுநிலையாக்கல் தெரியும், இணைதிறன் தெரியும். கல்லூரியில் அதே பொருள் ஆங்கிலப் பெயரோடு வரும்போது, தெரிந்த பாடத்தையே தெரியாததாக நினைத்து மௌனமாகிவிடுகிறார். அந்த மௌனத்தை நாம் அறிவுக்குறைவு என்று பதிவு செய்துகொள்கிறோம். ஒவ்வொரு தாளின் முதல் அலகுக்கும் இரு மொழிச் சொற்பட்டியல் ஒரு பக்கம் தயாரித்து எல்லோருக்கும் கொடுங்கள். ஆங்கில வழிப் படிப்பிலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகம் அதை எப்படி நடைமுறைப்படுத்தியிருக்கிறது என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டு, முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளி மாணவர்கள் விஷயத்தில் நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை. அது சலுகை அல்ல, சட்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதே பாகுபாடு என்றும் வரையறுக்கிறது. எழுத்துத் தேர்வுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரம். 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் சொல்வதை எழுதுபவரைத் தருவோம் என்று மறுக்க முடியாது என்பதை 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? எழுதுபவருக்கான அனுமதிக் கடிதத்துக்காகப் பார்வையற்ற மாணவர் தேர்வன்று காலையிலும் துறைக்கும் அலுவலகத்துக்கும் அலைகிறார். அந்தக் கடிதத்தைப் பருவத் தொடக்கத்திலேயே, மூன்றாண்டுக்கும் சேர்த்து ஒரே முறை வாங்கிக் கோப்பில் வையுங்கள். மாடி ஏற முடியாதவர் இருக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். அதற்கு லிஃப்ட் வேண்டாம், அட்டவணையில் ஒரு திருத்தம் போதும். பாடக்குறிப்பைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவதையும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்வதையும் துறையில் எல்லோரும் நிறுத்த வேண்டும். யூனிகோடில் இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ மென்பொருள் அதைத் தமிழிலேயே படித்துக் காட்டும். செவித்திறன் குறைந்த மாணவர்களோடு எனக்குப் பழக்கம் குறைவு. அதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேட்பதே நல்லது.

அக மதிப்பெண்ணும் வாய்மொழித் தேர்வும் ஆசிரியரின் கையில் இருப்பவை. அதனாலேயே அங்கு எச்சரிக்கை வேண்டும். விடைத்தாளில் பெயர் வேண்டாம், பதிவெண் போதும் என்று துறையில் முடிவெடுக்கலாம். வாய்மொழித் தேர்வுக்குக் கேள்விப் பட்டியலை முன்னரே எழுதி வைத்து எல்லோரிடமும் அதிலிருந்தே கேட்கலாம். "எந்த ஊர்? எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?" என்று பேச்சைத் தொடங்குவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். கேட்பவர் அன்பாகவே கேட்கலாம். பதில் சொல்லும் மாணவருக்கு அது சாதி விசாரணையாகவே கேட்கும். பல நேரங்களில் அப்படித்தான் இருந்தும் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தைப் பற்றி 2007இல் அறிக்கை தந்த தோராட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தேர்விலும் விடுதியிலும் எதிர்கொண்ட பாகுபாட்டை விரிவாகவே பதிவு செய்திருக்கிறது.

இனி, எனக்கே ஐயம் உள்ள இடங்கள். ஒரு நாள் விழிப்புணர்வுக் கருத்தரங்கால் நடத்தை மாறுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்றை நான் கண்டதில்லை. மூத்த மாணவர்கள், "நானும் முதலாண்டில் இப்படித்தான் திணறினேன்" என்று சொல்லக் கேட்பதால் புதியவர்கள் நிலைக்கிறார்களா? 2011இல் அமெரிக்காவில் வால்டன், கோஹென் இருவரும் வெளியிட்ட சிறிய ஆய்வில் பலன் பெரிதாகத் தெரிந்தது. 22 கல்லூரிகளில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வில், அந்தக் கல்லூரிச் சூழலே புதியவரை ஏற்கக்கூடியதாக இருந்த இடத்தில்தான் பலன் கிடைத்தது. சூழல் மாறாமல் ஊக்கமொழி மட்டும் சொல்வதில் பயனில்லை என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன். இதைவிட வலுவான சான்று கற்பிக்கும் முறைக்கு இருக்கிறது. அறிவியல், கணித வகுப்புகளில் விரிவுரையை மட்டும் நம்பாமல், மாணவர்களை வகுப்பிலேயே கணக்குப் போட வைத்து, கேள்வி கேட்டு, அடிக்கடி சிறு தேர்வு வைத்தால், பின்தங்கியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது என்று 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவை பெரும்பாலும் அமெரிக்க வகுப்பறைகள். அறுபது பேர் நெருக்கி உட்காரும் நம் வகுப்பிலும் வாரம் ஒரு பத்து நிமிடத் தேர்வு நடத்த முடியும். என் வகுப்பில் அதனால் முதலில் நிமிர்ந்தது கடைசி வரிசைதான்.

"எங்களுக்கு ஏன் இல்லை" என்ற கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றை மறுபடி பாருங்கள். கட்டணத் தேதி, வருகைக் கணக்கு, சொற்பட்டியல், பதிவெண் மட்டும் உள்ள விடைத்தாள், வாரத் தேர்வு எல்லாமே எல்லோருக்கும் உரியவை. யாரையும் தனியாகப் பிரித்து நிறுத்தவில்லை. பலன் மட்டும் யாருக்குத் தேவையோ அவருக்கு அதிகம் போய்ச் சேர்கிறது. நீங்கள் செய்யக்கூடியவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். தேர்வில் கூடுதல் நேரம் போன்றவை இரண்டாம் வகை. அங்கே சட்டத்தைக் காட்டிவிட்டு மேலே செல்லலாம். மிஞ்சுவது, வரம்புள்ள பணத்தைச் சிலருக்கு மட்டும் கொடுக்க வேண்டிய இடம். அங்கே கேட்கும் மாணவர் நியாயமாகவே கேட்கிறார். இடஒதுக்கீட்டுப் பிரிவில் வராத ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் கூலி வேலைக்குப் போய்விட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார். எந்த அளவுகோலில் கொடுத்தோம் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். பெற்றவர்களின் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள்.

புகார்களைப் பற்றி ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் சமவாய்ப்பு மையத்தோடு பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்கச் சொல்கின்றன. 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் மாணவர் குறைதீர்க் குழுவை வலியுறுத்துகின்றன. உங்கள் கல்லூரியில் அந்தப் பெயர்கள் பலகையில் இருக்கலாம். புகார் எழும் அதே துறையின் மூத்த ஆசிரியர்தான் அந்த அலுவலர் என்றால் எந்த மாணவரும் வாய் திறக்க மாட்டார். வேறு துறைக்காரர் ஒருவரும், குறைந்தது ஒரு பெண்ணும் அதில் இருக்கும்படி கேளுங்கள். புகாரே வரவில்லை என்பதை நல்ல அறிகுறியாக ஒருபோதும் எழுதிவிடாதீர்கள். உங்களால் தீர்க்க முடியாத புகாரும் வரும். அப்போது எழுத்தில் வாங்கி, தேதியிட்டு, ஒரு படியை மாணவரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னாளில் அவர் மேல்முறையீடு செய்ய அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

இந்தப் பருவத்துக்கு இவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்: வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, ஐந்தாம் வார வருகைக் கணக்கு. பருவத் தேர்வு முடிந்ததும், முதலாண்டில் சேர்ந்தவர் எத்தனை, தேர்வெழுதியவர் எத்தனை என்று துறைவாரியாக எடுத்து வையுங்கள். போன ஆண்டுக் கணக்கு அலுவலகத்தில் தேர்வுக் கட்டணப் பதிவேட்டிலேயே கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆசிரியர் கூட்டத்தில் பேசுங்கள். அதற்குப் பிறகு அட்டவணைத் திருத்தத்தையும் ஹால் டிக்கெட் ஆணையையும் கேட்டால், மறுப்பது கடினம். இடையில் எங்காவது சிக்கினால், எந்தப் படிவம், எந்த அலுவலகம் என்ற விவரத்தோடு எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.